தாள் சிவந்துகொண்டே இருந்தது

நோட்டை மூடி வையுங்கள். நான் சொல்லப்போவதில் எழுதிக்கொள்ள ஒரு சமன்பாடும் கிடையாது. கருவிகளைப் பற்றி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என் காலத்தில் எங்களிடம் இருந்தது ஒரு உலர்த்தும் அடுப்பு, ஒரு தராசு, இரண்டு பியூரெட், ஒரு கட்டு லிட்மஸ் தாள். அந்தத் தாளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நடுவில் எவராவது கொட்டாவி விட்டால் எழுந்து போய்விடுவேன், எனக்குக் கோபம் சட்டென்று வரும். விசாரித்துப் பாருங்கள், எல்லோரும் சொல்வார்கள்.

எண்பதுகளின் கடைசி. இடஒதுக்கீடு கேட்டு வட மாவட்டம் முழுக்கச் சாலையில் உட்கார்ந்த வருஷங்கள். எனக்கு இருபத்து நான்கு வயது. எம்.எஸ்ஸி. முடித்த கர்வத்துடன் கள்ளக்குறிச்சிக்கும் வடக்கனந்தலுக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி அதற்கு முன் ரைஸ் மில் நடத்தியவர். மலை மலையாகக் குவிந்த உமியை என்ன செய்வதென்று யோசித்து, யாரோ சொன்னதைக் கேட்டு, இந்தத் தொழிலில் இறங்கியிருந்தார். உமியை எரித்தால் சாம்பல். சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. அதைக் காரத்தில் கரைத்து, அமிலத்தன்மையுள்ள பிசின் பொடியைக் கலந்து, கூழாக உறையவைத்துக் காயவைத்தால் வெள்ளைக் குருணை கிடைக்கும். குருணைக்குள் பிசின் அங்கங்கே சிக்கிக்கொண்டிருக்கும், பொங்கலில் மிளகு மாதிரி. அதுதான் எங்கள் திட அமிலம்.

எதற்கு இந்தப் பாடு? ரசாயன வினையை முடுக்கிவிட அமிலம் வேண்டும்; கந்தக அமிலத்தை ஊற்றி வேலை செய்தால் பாத்திரத்தை அரிக்கும், ஆளைச் சுடும், வேலை முடிந்தபின் பிரித்தெடுக்க முடியாது. எங்கள் குருணையை வடிகட்டி எடுத்து மறுபடியும் போடலாம். கடலூரில் பெயிண்ட் கரைப்பான் தயாரிக்கும் ஒருவர் முதல்முறையாகப் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தார். முதலாளி அந்த வாரம் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார். லட்டு தீர்ந்த மறுவாரம்தான் எல்லாம் கோணலானது.

கடைசிக் கட்ட வேலை கழுவுதல். காய்ந்த குருணையை அமிலத்தில் ஊறவைத்துப் பிசினுக்குத் தெம்பு ஏற்றுவோம். பிறகு, ஒட்டாமல் மேலாக நிற்கிற அமிலம் போகும்வரை வாலை வடித்த, அதாவது ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிடித்த, தண்ணீரால் கழுவ வேண்டும். வடிகிற தண்ணீரில் நீல லிட்மஸ் தாளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சிவந்தால் இன்னும் கழுவு. சிவக்காவிட்டால் போதும். இதை நானே என் அழகான கையெழுத்தில் அட்டையில் எழுதி, கழுவும் தொட்டிக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருந்தேன். "தாள் சிவப்பது நிற்கும்வரை கழுவவும்." கீழே என் கையெழுத்து வேறு.

கழுவும் வேலைக்கு இரண்டு பேர். காலையில் அஞ்சலை, மதியத்துக்கு மேல் தணிகாசலம். அஞ்சலை வடக்கனந்தல் பக்கத்துக் காலனியிலிருந்து வருவார். முப்பது வயதைத் தாண்டியவர், இரண்டு பெண் பிள்ளைகள். வீட்டுக்காரர் கரும்பு வெட்டப் போனால் எப்போது திரும்புவார் என்பது அவருக்கே தெரியாது. அவர்கள் தெருவில் மாசச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் அஞ்சலைதான். அப்போது நான் அவரை "நீ, வா, போ" என்றுதான் பேசுவேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். இன்று நினைத்தால் கூசுகிறது.

அவருக்குப் படிக்கத் தெரியாது. அட்டையில் இருந்ததை ஒருமுறை படித்துக் காட்டினேன், பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு கழுவலுக்கும் தொட்டிக்குப் பின்னால் சுவரில் கரியால் ஒரு கோடு போடுவார். வழக்கமாக ஆறு கோடு. ஆறாவதில் தாள் நீலமாகவே நிற்கும். "சுவரை என்ன பள்ளிக்கூடத்துப் பலகைன்னு நெனச்சியா?" என்று நான் திட்டியும் இருக்கிறேன். ஈரத்துணியால் துடைப்பார். மறுநாள் மறுபடியும் போடுவார்.

தணிகாசலம் ரிஷிவந்தியம் பக்கத்து ஆள். வாய் ஓயாது. கழுவுகிற நேரத்தைவிடக் கதை சொல்கிற நேரம் ஜாஸ்தி. அவன் தெருவே போராட்டத்தில் இருந்தது. காலையில் மறியலில் உட்கார்ந்துவிட்டு மதியம் வேலைக்கு வருவான். "ரோட்லயும் உக்காரணும், இங்கயும் நிக்கணும், நம்ம ஒடம்பு இன்னாத்துக்கு ஆவறதுங்க மேடம்?" என்பான்.

அந்த வாரம் சாலையெங்கும் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை. வாலை வடித்த தண்ணீர் கேன்கள் விழுப்புரத்திலிருந்து வரவேண்டியவை, வரவில்லை. ஆர்டரோ கழுத்தைப் பிடித்தது. நான் கொட்டகையின் ஆழ்துளைக் கிணற்றுப் போர்த் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். கண்ணாடி போல இருந்தது. லிட்மஸைத் தொட்டேன், நீலம் நீலமாகவே இருந்தது. "அமிலமும் இல்லை, அழுக்கும் இல்லை. லாரி வர்ற வரைக்கும் இதையே ஊத்துங்க" என்றேன். அவ்வளவுதான். அரை நிமிஷ யோசனை.

மறுநாளிலிருந்து ஒன்றும் புரியவில்லை.

ஒவ்வொரு தடவையும் கழுவி முடித்த சரக்கில் ஒரு பிடி என்னிடம் வரும். அதை உலர்த்தி, எடைபோட்டு, உப்புக் கரைசலில் ஊறவைப்பேன். உப்பு உள்ளே போய்ப் பிசினில் இருக்கும் அமிலத்தை வெளியே தள்ளும். தள்ளப்பட்டதைக் காரத்தால் அளந்தால் குருணைக்குள் எவ்வளவு அமிலம் இருந்தது என்று தெரிந்துவிடும். அஞ்சலை கழுவிய திங்கட்கிழமைச் சரக்கு செத்துக் கிடந்தது. அமிலமே இல்லை, வெறும் மணல். தணிகாசலம் கழுவிய சரக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கம்மி, ஆனால் தேறியது. செவ்வாய்க்கிழமையும் அதே கதை.

புதன்கிழமை காலை, மெயின் ரோட்டில் கல்லெறி என்று சேதி வந்து எல்லோரும் அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள். அஞ்சலை பாதிக் கழுவலில் விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தேடிப் போய்விட்டார். தண்ணீரை வடித்துவிட்டு அந்தச் சரக்கை அப்படியே உலர்த்தினேன். வியாழக்கிழமை அளந்தால், பிரமாதமாக இருந்தது! அன்று அஞ்சலை முழுதாக நின்று கழுவிய சரக்கு மறுபடி செத்தது.

ஒவ்வொன்றாக யோசித்தேன். உமி மாறிவிட்டதா? களமருதூர்ப் பக்கத்து உமி அந்த மாதம்தான் புதிதாக வந்திருந்தது. ஆனால் இருவருக்கும் ஒரே உமி. கரண்ட் விட்டு விட்டு வந்தது, அடுப்பு சரியாகச் சூடாகவில்லையோ? இருவருக்கும் ஒரே அடுப்பு. தண்ணீரோ? இருவருக்கும் ஒரே தண்ணீர்தானே! அவன் கழுவினால் பிழைக்கிறது, இவர் கழுவினால் சாகிறது. ஆகவே தண்ணீர் இல்லை. இந்த "ஆகவே"யை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

முதலாளிக்கு வேறு கணக்கு இருந்தது. வேர்த்து விறுவிறுத்து லேபுக்கு வந்தார்.

"ஏம்மா, இது அந்தத் தணிகாசலம் வேலதான். ரோட்ல மரத்த வெட்டிப் போட்டுகினு, இங்க வந்து நம்ம சரக்குலயும் கைய வெக்கிறான். அவங்க ஆளுங்களுக்கு இப்ப கண்ணு மண்ணு தெர்ல. இன்னிக்கே கணக்கு முடிச்சி அனுப்பிடறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "யார் எந்தத் தெருன்னு பார்த்து முடிவு பண்ணாதீங்க சார். எண்ணுக்குத் தெருவெல்லாம் தெரியாது. நான் அளந்ததைத் தர்றேன், அதை வெச்சு முடிவு பண்ணுங்க" என்றேன். என்ன நேர்மை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஊரே இரண்டாகக் கிடக்கும்போது நான் மட்டும் நடுவில் நிமிர்ந்து நிற்கிறேனாம்.

எண்கள் தணிகாசலத்தைக் காப்பாற்றின. அதே எண்கள் அஞ்சலையைக் காட்டின.

கூப்பிட்டு விசாரித்தேன். விசாரித்தேனா, அதட்டினேனா? அதட்டினேன்தான்.

"அஞ்சலை, ஒழுங்கா கழுவறியா இல்லியா?"

"கழுவிகினேதான் இருக்கறேன் மேடம். கையே மரத்துப் போச்சு. தாளு செவந்துகினே இருக்குதுங்க. நிக்கவே மாட்டேங்குது."

"கழுவத் தெரியாம கழுவினா அப்படித்தான் இருக்கும். தணிகாசலத்துக்கு மட்டும் எப்படி நிக்குது?"

"அது எனக்குத் தெர்லீங்க. எனக்குச் செவந்துகினே இருக்குது."

"வேலைல கவனம் இருக்கணும். ரோட்டுல நடக்கறதையே நெனச்சுகினு இருந்தா இப்படித்தான்."

அவர் என்னைப் பார்த்தார். வழியில் கிடந்த மரங்களின்மேல் ஏறி இறங்கி, முழங்காலில் சிராய்ப்போடு தினமும் எட்டு மணிக்கு வந்து நின்றவர் அவர். போராட்டத்துக்காரரும் இல்லை, எதிர்ப்பக்கமும் இல்லை. எந்தப் பக்கம் கல் விழுந்தாலும் அவர்கள் தெருவில்தான் முதலில் விழும். தொட்டிக்குத் திரும்பிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அறிக்கை எழுதினேன். "குறைபாடு கழுவுபவரின் கவனக்குறைவால் ஏற்பட்டது. காலைப் பணி நேரச் சரக்குகளில் மட்டும் காணப்படுகிறது." கையெழுத்துப் போட்டேன். சனிக்கிழமை அஞ்சலையை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். யார் சொன்னது, என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை முதல் தணிகாசலம் இரண்டு நேரமும் கழுவினான். சரக்கு தேறியது. ஆனால் அளவு மட்டும் நாளுக்கு நாள் கொஞ்சம் கூடக்குறைய இருந்தது, கடலூர்க்காரர் ஒரே மாதிரி வேண்டும் என்றார். சரி, இவனுக்கும் ஒழுங்கு போதவில்லை, ஒருமுறை நானே செய்து காட்டுகிறேன் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டியில் இறங்கினேன். லாரி அன்றும் வரவில்லை. அதே போர்த் தண்ணீர்.

ஆறு முறை ஊற்றினேன். தாள் சிவந்தது. எட்டு. சிவந்தது. பத்து. தணிகாசலம் பக்கத்தில் நின்று பீடியைக் காதில் செருகிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். "போதுங்க மேடம்" என்றான். "அட்டைல என்ன எழுதியிருக்கு, படி" என்றேன் வீம்பாக. பதினைந்து. தோள்பட்டை இற்றுவிழுந்தது. இருபத்து இரண்டு ஊற்றியபிறகுதான் தாள் நீலமாக நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று ஒரு பிடி எடுத்துப்போய் உலர்த்தி அளந்தேன்.

செத்துக் கிடந்தது.

மறுபடி அளந்தேன். அப்போதும் வெறும் மணல். தணிகாசலம் கதவோரம் நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டு இடி இடியென்று சிரித்தான்.

"இன்னாங்க மேடம், நீங்களும் அஞ்சலையக்கா மாதிரியே ஆயிட்டீங்க!"

"சிரிக்காதடா. நீ எப்படித்தான் கழுவற?"

"ஆறு பக்கெட்டு ஊத்துவேன், வுட்ருவேன். எப்பவுமே ஆறுதான. தாளெல்லாம் யாரு பாத்துகினு இருக்கறது?"

நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தேன். மேசைமேல் நான் தினமும் கலக்கும் உப்புக் கரைசல் இருந்தது. உப்பு உள்ளே போகும், அமிலம் வெளியே வரும். தினமும் நான் செய்கிற சோதனையே அதுதான். எங்கள் போர்த் தண்ணீரை ஊரே உப்புத்தண்ணி என்றுதான் சொல்லும். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அமிலம் இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர உப்பு இருக்கிறதா என்று பார்த்தேனா? ஒவ்வொரு வாளியும் கொஞ்சம் உப்பை உள்ளே தள்ளிக் கொஞ்சம் அமிலத்தை வெளியே எடுத்தது. தாள் அந்த அமிலத்தைத்தான் காட்டிச் சிவந்தது. சிவப்பது நிற்கும்வரை கழுவு என்றால், உள்ளே ஒரு துளி அமிலம் மிச்சமில்லாமல் போகும்வரை கழுவு என்று அர்த்தம். அதைத்தான் நான் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

சொன்னபடி செய்தவர் சரக்கைக் கொன்றார். சொன்னதைக் கேட்காதவன் காப்பாற்றினான். பாதியில் விட்டு ஓடிய நாளில்தான் அஞ்சலையின் சரக்கு பிழைத்தது.

எழுந்து போய்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தேன். கடைசி நாள் அவர் சுவரைத் துடைக்கவில்லை. கரிக்கோடுகள் அப்படியே இருந்தன. எண்ணினேன், இருபத்து மூன்று. என்னைவிட ஒன்று அதிகம். அந்தக் கொட்டகையில் அந்த வாரம் எடுக்கப்பட்ட ஒரே உண்மையான அளவு அந்தச் சுவரில் இருந்தது. நான் அதைத்தான் அழுக்கு என்று துடைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உடனே ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. பயம். செத்த சரக்குகளை மறுபடி அமிலத்தில் ஊறவைத்து, பிடித்து வைத்த மழைத் தண்ணீரில் கழுவிப் பார்த்தேன், எல்லாம் உயிர்பெற்றுவிட்டன. சரக்கு நஷ்டமில்லை, இனி யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு மனசு சொன்னது. ஆனால் தொட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த இருபத்து மூன்று கோடும் கண்ணில் பட்டன. நான்காம் நாள் போய்ச் சொன்னேன்.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "எழுதனது எழுதனதாவே இருக்கட்டுமே ம்மா. கடலூருக்கு ஆளு சரியில்லன்னு சொல்லியாச்சு. இப்ப போயி எங்க படிச்ச பொண்ணே தப்பு பண்ணிடுச்சின்னா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்காதுங்க. ஆனா அதான் நடந்தது" என்றேன். புதிய அறிக்கையை மேசைமேல் வைத்தேன். அவர் அதை எடுத்துப் படிக்கவில்லை. "போய்க் கூட்டிகினு வா" என்று மட்டும் சொன்னார்.

அஞ்சலையின் வீடு பூட்டியிருந்தது. மலையில் மரவள்ளிக் காட்டுக்குக் களையெடுக்கப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மரங்களை அறுத்து வழிவிட்டு, முதல் பஸ்கள் ஓடத் தொடங்கியிருந்த நேரம். கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலைமேல் ஏறினேன். வெள்ளிமலைக்கு முன்னாலேயே இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்தேன். சரிவில் இருபது பேர் குனிந்திருந்தார்கள். பிள்ளைகள் இரண்டும் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்திருந்தன. அஞ்சலை என்னைப் பார்த்தும் களைக்கொத்தைக் கீழே வைக்கவில்லை.

"அஞ்சலைக்கா, தப்பு என்னோடது. தண்ணில இருந்துச்சு கோளாறு. நீங்க சரியாத்தான் கழுவினீங்க. வந்துடுங்க."

நீங்க என்றதும் நிமிர்ந்தார். கேட்டார்.

"அப்ப தாளு செவந்துகினே இருந்துச்சே, அது பொய்யில்லீங்களே?"

"பொய்யில்லக்கா. அதுதான் நெஜம்."

"அத்தத்தானங்க நான் அன்னிக்கே சொன்னேன். நீங்க தாள வந்து பாக்கலியே மேடம். என் மூஞ்சியத்தான பாத்தீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காடு முழுக்க ஆட்கள் பார்க்க, சேறு படிந்த செருப்போடு நின்று அழுதேன். அவர் சமாதானமும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். "ஒத்துக்கின காடு, முடிச்சிட்டு வர்றேன்" என்றார்.

வந்தார். நான் அங்கே இருந்த நான்கு வருஷமும் வேலை பார்த்தார். நான் அட்டையைக் கழற்றி, "ஆறு கழுவல். அதன்பிறகும் தாள் சிவந்தால் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடவும்" என்று மாற்றி எழுதினேன். சுவரில் கோடு போடுங்கள் அக்கா, நானே கரி வாங்கித் தருகிறேன் என்றேன். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

அவர் அதன்பிறகு ஒரு கோடும் போடவில்லை.

கழுவினார், சுத்தமாகக் கழுவினார். நேரம் தவறவில்லை. என் மேல் கோபமும் காட்டவில்லை, என் கல்யாணத்துக்குப் பிள்ளைகளோடு வந்து சாப்பிட்டார். ஆனால் எதையும் எனக்குச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார். "என்னக்கா, ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சுதா?" என்று நான்கு வருஷமும் கேட்டேன். மன்னித்துவிட்டாரா, தண்டித்தாரா, இல்லை இனிமேல் இதுதான் தனக்குப் பத்திரம் என்று முடிவெடுத்தாரா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உங்களில் யாருக்காவது விளங்கினால் எனக்குச் சொல்லுங்கள்.

நான் வேறு வேலைக்குக் கிளம்பிய கடைசி நாளும் தொட்டியருகே போய் நின்றேன். வடிகிற தண்ணீரில் தாளைத் தொட்டு, கையில் பிடித்திருந்தார்.

"தாள் எப்படிக்கா இருக்கு?"

முகத்தைத் திருப்பாமல் தாளை என் பக்கம் நீட்டினார்.

"நீங்களே பாத்துக்குங்க மேடம்."